மானாப்புல்லுக்குள் வைத்த கட்டை

எங்கள் தோட்டத்தில் திருவிழா மூன்றாம் நாள் கோட்டை ஆட்டம் நடக்கும். மேல்பிரிவும் கீழ்ப்பிரிவும் மோதுவோம். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களம்தான் இடம். ரெண்டு பக்கமும் மூங்கில் நட்டுக் கோட்டை கட்டுவோம். பிரிவுக்கு ஏழு பேர். ஒருத்தர் ராஜா, ஒருத்தர் பூதம், ஒருத்தர் புலி, மிச்சம் நாலு பேர் காவல்காரர். எதிர்ப்பக்கத்து ராஜாவைக் கீழே சாய்த்தால் மஞ்சள் தண்ணிக் குடம் நமக்கு. அடுத்த வருசம் சாமி முதலில் நம்ம லயத்து வீடுகளுக்குத்தான் வரும்.

விளையாட்டுதான். ஆனால் ரத்தம் வராத வருசம் நான் பார்த்ததில்லை. சட்டம் ரெண்டு. கழுத்துக்கு மேலே அடிக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது.

அரசாங்கம் தோட்டத்தை எடுத்த மறுவருசம் என் அண்ணனுக்கு வலது கண் போனது. அவர் எங்கள் பிரிவு ராஜா. கீழ்ப்பிரிவு ராஜாவின் மரவாள் நுனி கண்ணில் ஏறியது. நான் களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றேன். அண்ணன் சத்தம் போடவில்லை. உட்கார்ந்து களத்து மண்ணைக் கையால் தடவினார், எதையோ கீழே போட்டுவிட்ட மாதிரி.

மழை பெய்த களம், கால் வழுக்கி முன்னால் விழுந்தேன், வாள் அங்கே இருந்தது என்று அண்ணன் சொன்னார். கீழ்ப்பிரிவு ராஜாவும் அதையே சொன்னார். நான் ரெண்டு பேரையும் நம்பவில்லை.

அண்ணனும் நானும் கவ்வாத்துக்காரர்கள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. ஒற்றைக் கண்ணுக்குக் கிளையின் தூரம் பிடிபடாது. ரெண்டு தடவை தன் கையையே வெட்டிக்கொண்டார். அவரைக் கவ்வாத்திலிருந்து எடுத்துக் கான் வெட்டப் போட்டார்கள். மலை முழுக்கத் தண்ணீர் ஓடுகிற கான். தனியாக நின்று மண்ணை வெட்டிப் போட வேண்டும்.

மறுவருசமும் அதே ஆள்தான் கீழ்ப்பிரிவு ராஜா. நான் ஆட்டத்துக்குப் பேர் கொடுத்தேன். எனக்கு இருபத்து நாலு வயசு. அதுவரை கம்பைத் தொட்டதில்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் கோயில் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். நெடுங்கம்பை எடுத்தேன். சுற்றினேன். என் காதிலேயே பட்டது. அதற்கு வருசக்கணக்கில் பழக்கம் வேண்டும். மரவாளும் அடி தடுக்கிற பலகையும் எடுத்தேன். பலகையைத் தூக்கினால் வாள் மறந்துபோனது, வாளை நினைத்தால் பலகை இறங்கியது. மான்கொம்பை எடுத்தேன். அதைப் பிடித்தவன் எதிராளியின் மூச்சு படுகிற தூரத்துக்குப் போக வேண்டும். போகிற வழியிலேயே நான் அடிபட்டுச் சாவேன் என்று தலைவர் சொன்னார். புலிக்கு ஆயுதமே இல்லை, நகம்தான். அதற்குக் குதிக்கிற உடம்பு வேண்டும். எனக்கு அது கிடையாது.

முதல் தடவை இறங்குகிறவனுக்குப் பூதம்தான் என்றார் தலைவர். பூதத்துக்கு உடம்பெல்லாம் சாக்கு. சாக்குக்குள் மானாப்புல். பத்து அடி வாங்கினாலும் எலும்புக்குப் போகாது. ஓட வேண்டாம், சுற்ற வேண்டாம், நடுவில் நின்றால் போதும். கையில் கதாயுதம். அதுவும் சாக்குக்குள் அடைத்த மானாப்புல்தான். முகத்துக்குப் பெரிய காகித மூஞ்சி.

"பூதம் உனக்குப் பொருத்தம்டா," என்றார் புலி வேசக்காரர். "பொண்ணு குடுக்க வர்றவங்க மூஞ்சியப் பாக்காமயே குடுத்துருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பூதத்துக்குச் சம்மதித்தேன். அடி வாங்கிக்கொண்டு நிற்கலாம், பக்கத்தில் போகலாம். குறை ஒன்றுதான். புல் யாருடைய எலும்பையும் உடைக்காது.

மூணாம் நம்பர் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடந்த தூரில் ஒன்றரை முழத்துக்கு ஒரு கட்டை எடுத்துச் செதுக்கினேன். தேயிலைக் கட்டை இரும்பு மாதிரி. கதாயுதத்தைப் பிரித்து, நடுவில் கட்டையை வைத்து, சுற்றிப் புல்லை அடைத்தேன். வாயைத் தைக்க எனக்கு வரவில்லை. அண்ணியிடம் கொடுத்தேன்.

அண்ணி கதாயுதத்தைத் தூக்கினார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார்.

"தம்பி, இது ஆடுறதுக்கா, அடிக்கிறதுக்கா?"

"அடிக்கிறதுக்கு."

ஊசியில் நூலைக் கோத்தார். பாதி தைத்த பிறகு சொன்னார், "தோளோட நிறுத்திக்கங்க."

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். தோள் எலும்பு. அது சட்டத்துக்குள் வரும். உடைந்தால் நாலைந்து மாசம் கீழ்ப்பிரிவு ராஜா கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாது. அண்ணன் கான் வெட்டுகிற மாதிரி அவரும் ஏதாவது வெட்டட்டும். பிறகு கூடிவிடும். அவ்வளவுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

ஆட்டம் மத்தியானம் தொடங்கியது. பறை அடித்தார்கள். டிக்கோயாப் பக்கமிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. எங்கள் காவல்காரர் ஒருத்தருக்கு முதலிலேயே பல் ரெண்டு போனது. புலி வேசக்காரர் கீழ்ப்பிரிவுப் புலியின் காதைப் பிடித்து மண்ணில் தேய்த்தார். அதன் சாயமும் ரத்தமும் சேர்ந்து களத்தில் கோடு விழுந்தது. நான் நடந்தேன். மூஞ்சியின் வாய் ஓட்டை வழியாகத்தான் பார்க்க முடியும். தலையைத் தூக்கினால் வானம், குனிந்தால் கால்கள். முதுகில் விழுந்த கம்படிகள் சத்தமாகத்தான் கேட்டன. வலிக்கவில்லை.

கீழ்ப்பிரிவு ராஜா என் முன்னால் வந்தார். வாளால் என் நெஞ்சில் தட்டினார்.

"மேல்பிரிவுல ஆள் தீந்து போச்சா? மூட்டைய எறக்கி விட்டிருக்காங்க."

கூட்டம் சிரித்தது. நான் அவர் பலகையின் விளிம்பை இடது கையால் பிடித்தேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை. தோள் அதோ, பலகைக்கு மேலே இருந்தது.

கவ்வாத்தில் இடது கை கிளையைப் பிடிக்கும். பிடித்த உடனே வலது கை கீழே போய்ச் சாய்வாக மேலே வரும். முழங்கால் உயரத்தில் வெட்டு விழும். நான் அதை எட்டு வருசமாகச் செய்கிறேன், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. இடது கை பிடித்தால் வலது கை என்னைக் கேட்காது. அன்றைக்கும் கேட்கவில்லை. தோளுக்கு என்று ஓங்கின கை கீழே போனது. கட்டை அவர் முழங்காலில் பக்கவாட்டில் ஏறியது. தேயிலையின் பச்சை மிலாறுக் குச்சி ஒடிகிற சத்தம்.

அவர் சாயவில்லை. ஒற்றைக் காலில் நின்று என் மூஞ்சிக்குள் பார்த்தார்.

நான் ரெண்டாவது தடவை அடித்தேன். அதே முழங்காலில். முதல் அடி பழக்கத்தில் போனது. ரெண்டாவது அப்படி இல்லை. எங்கே அடிக்கிறேன் என்று பார்த்து அடித்தேன்.

அவர் விழுந்தார். கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. எங்கள் ஆட்கள் குடத்தை எடுக்க ஓடினார்கள். கீழ்ப்பிரிவு ஆட்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் இல்லை. கல் வந்தது, மூங்கில் வந்தது. மஞ்சள் தண்ணி விழுந்து கிடந்த ராஜா மேலேயே கொட்டியது. என் காகித மூஞ்சியைப் பிய்த்தார்கள். மூக்கு உடைந்தது. ரெண்டு பிரிவுத் தலைவர்களும் நடுவில் விழுந்து அடி வாங்கித்தான் நிறுத்தினார்கள். ராஜாவைக் கம்பளியில் போட்டுத் தூக்கி, கொழுந்து லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

கதாயுதத்தோடு லயத்தில் எங்கள் காம்பராவுக்கு வந்து உட்கார்ந்தேன். அண்ணன் கதாயுதத்தைக் கையில் எடுத்தார். கனத்தைப் பார்த்தார். கவ்வாத்துக் கத்தியால் சாக்கைக் கிழித்தார். புல் கொட்டியது. கட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் வழுக்கி விழுந்தேன்," என்றார் அண்ணன். "நீ வழுக்கல."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

கட்டை வைத்ததைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். புல்லடியில் எலும்பு முறியாது, விழும்போது கால் மாட்டி முறிந்தது என்றுதான் கீழ்ப்பிரிவில் நினைக்கிறார்கள், கட்டை இருந்தது தெரிந்தால் ரெண்டு லயமும் எரியும் என்றார். அவர் சொன்னது சரிதான். நான் மூன்று வாரம் பேசாமல் இருந்தேன்.

கீழ்ப்பிரிவு ராஜா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். முழங்கால் மடங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் மலையில் மட்டமான இடம் களம் ஒன்றுதான். மடங்காத காலோடு ஏற முடியாது. ஏற முடியாதவருக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. வீட்டில் மனைவியும் ரெண்டு பெண் பிள்ளைகளும். ஒரு ஆள் கொழுந்து பறித்து நாலு வயிறு. என் அண்ணன் ஒற்றைக் கண்ணோடு இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டையை எடுத்துக்கொண்டு கீழ்ப்பிரிவுக்குப் போனேன். அவர் காம்பரா முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"உள்ள இதுதான் இருந்துச்சு அண்ணே."

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"தெரியும். புல்லு அப்படிப் படாது."

தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அவர் தம்பிமார் மேலே ஏறி வருவார்கள், அதில் ரெண்டு பேராவது சாவார்கள், செத்தாலும் கால் மடங்காது என்றார். பிறகு அவர் என்னை ஒன்று கேட்டார். முழங்காலைக் குறி வைத்துத்தான் அடித்தேனா என்று.

"மொத அடி தோளுக்கு ஓங்கினது. கை தானாக் கீழ போயிருச்சு. ரெண்டாவது நான் அடிச்சது."

அவர் கட்டையைத் தூக்கி மடியில் வைத்தார்.

"எந்தக் கையில வெட்டுற?"

"வலது."

"அப்ப ரெண்டாவதுக்கு மட்டும் கைய வை."

இஸ்தோப்புப் படிக்கல்லில் வலது கையை வைத்தேன். மனைவி சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் ரெண்டு கையாலும் கட்டையைத் தூக்கினார். உட்கார்ந்தபடியே ஓங்க அவருக்கு வசதி வரவில்லை. நான் கொஞ்சம் தள்ளி, அவருக்கு எட்டுகிற மாதிரி கையை வைத்தேன்.

அடித்தார். மூன்று விரல் நசுங்கின. ஒரு நகம் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. நான் சத்தம் போட்டேன். அண்ணன் மாதிரி என்னால் இருக்க முடியவில்லை.

அவர் கட்டையை உள்ளே பார்த்து எறிந்தார். அடுப்புக்கு ஆகும் என்று மனைவியிடம் சொன்னார். என்னைப் போகச் சொன்னார்.

கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். ரத்தம் முழங்கை வழியாக ஒழுகியது. குறுக்குப் பாதையில் அண்ணன் தனியாகக் கானைச் சரி செய்துகொண்டிருந்தார். முந்தின நாள் மழையில் இடிந்த இடம். என் கையைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறேன் என்று பாதையைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து விரல்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

"உக்காரு," என்றார்.

நான் உட்காரவில்லை. அவர் வெட்ட வெட்ட, இடது கையால் மண்ணை அள்ளி மேலே போட்டேன்.