இரண்டு புதுப்பாளையம்

போன வாரம் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். கையில் அவரது துறையின் ஆண்டு முன்னேற்ற அறிக்கை; இப்படி வருவதன் தமிழை நான் திருத்திக் கொடுப்பதுண்டு. மரம் நட்டது, வீடு கட்டியது, ஊராட்சிகளில் நடந்த வேலை என்று எல்லாம் ஒரே கட்டில்.

“மேடம், தமிழை மட்டும் பாத்துக் குடுங்க. மத்தபடி விவரமெல்லாம் கரெக்ட்!” என்றார்.

சிரித்துவிட்டேன். பாவம், அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. காரணத்தைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேனே...

தொண்ணூறுகளின் பின்பாதி. விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, ப்ரொபேஷன். இதே மாதிரி ஓர் அறிக்கையை முழுக்க முழுக்க டைப் அடித்தது நான்தான். அச்சாகி வந்தபோது பளபள அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தேன். என் பெயர் அதில் எங்கும் இல்லை. இருந்தால் என்ன, என் புத்தகம்தானே?

சில மாதம் கழித்து ஒரு காலை. முகையூர் பக்கத்திலிருந்து ஓர் ஊராட்சித் தலைவி வந்தார். அருள்மேரி. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் முதல் தடவையாக ஜெயித்தவர். கழுத்தில் சிலுவை, கக்கத்தில் ஒயர் கூடை. கூடைக்குள் அந்தப் புத்தகம்!

வீடு ஒதுக்கும் பிரிவில் இருந்த கிளார்க்கிடம் போய் நின்றார். “இந்த வருஷ லிஸ்ட்ல எங்க ஊரே இல்லீங்களே?”

கிளார்க் நிமிராமலே சொன்னார். “புதுப்பாளையம்தானே? ஒம்போது தொகுப்பு வீடும் கட்டி முடிச்சாச்சே. புக்கிலேயே போட்டிருக்கு, பாருங்க.”

“அதத்தான் நானும் படிச்சிக்கினு வந்தேன். எங்கங்க கட்டினீங்க? எடத்தக் காட்டுங்க, இன்னைக்கே ஜனங்கள இட்டுக்கினு போய் குடி வெச்சிடறேன்!”

ஆபீஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“போன மழையில செல்வின்னு ஒரு பொண்ணோட சுவரு வுழுந்துடுச்சி. கைக்கொழந்தைய வெச்சிக்கினு பள்ளிக்கூடத்து வராந்தாவுல படுத்துக்கினு இருக்குது. அடுத்த மழைக்கு மிச்ச எட்டு குடிசையும் நிக்காது சார்.”

“புக்கில முடிஞ்சதுன்னு வந்துட்டா அவ்ளோதாம்மா. நான் என்ன செய்ய?”

என் விரல்கள் டைப்ரைட்டரிலேயே நின்றுவிட்டன. புதுப்பாளையம்... மயிலம் பக்கமும் ஒன்று இருக்கிறதே! அலமாரியிலிருந்து பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. மயிலம் பக்கத்து ஊரில் கட்டி முடித்த வீடுகளை, முகையூர் ஒன்றியத்துக்கு நேராக அடித்து வைத்திருந்தேன். இரண்டு ஊரும் கேட்டிருந்தது ஒன்பது வீடுதான்; ஒரே ஒரு வரி மாறியிருந்தது. அடித்தவள் நான். சரிபார்த்தவர் யாருமில்லை.

கோப்போடு சூப்பரிண்டெண்ட்டிடம் போனேன். நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சும்மா இரும்மா. உன் ப்ரொபேஷன் ஃபைல் இப்பத்தான் மேல போயிருக்கு. வருஷம் திரும்பட்டும், அடுத்த லிஸ்ட்ல சேத்துக்கலாம்.”

என் நல்லதுக்காகத்தான் சொன்னார். அந்த யோசனை எனக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன். வாசலில் அருள்மேரி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

வருஷம் திரும்புவதற்குள் மழை வந்துவிடுமே?

எழுந்து ஓடினேன். “அக்கா, நில்லுங்க. தப்பு என்னோடதுதான். நான்தான் ஊரை மாத்தி அடிச்சிட்டேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“இத உள்ள பெரியவருகிட்ட சொல்லுவியா?”

“சொல்றேன்க்கா.”

“அப்ப வா. பயந்துக்கினு நிக்காத, நானும்தான் வர்றேன்.”

அதிகாரியின் அறையில், “தப்பா அடிச்சது நான்தான் சார்” என்றேன். கோப்பையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினேன். அவர் இரண்டையும் படித்தார். பிறகு மணியடித்து ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

“ரெண்டு பேரும் ஏறுங்க. பாத்துட்டே வந்துடலாம்.”

ஊரில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப்போட்டிருந்த களத்தைத் தாண்டி ஒன்பது இடத்தையும் நடந்தே பார்த்தார். செல்வியின் வீடு இருந்த இடத்தில் மண்மேடு. பள்ளிக்கூட வராந்தாவில் தூளி ஆடியது. அதிகாரியைப் பார்த்ததும் செல்வி எழுந்து நின்று, “காலி பண்ணச் சொல்லாதீங்க சார்” என்றாள். வீடு கேட்கவில்லை. வராந்தாவைத்தான் கேட்டாள். அந்த நிமிஷம் எனக்கு இருந்த அவமானத்தை எந்த மெமோவாலும் தந்திருக்க முடியாது.

“காலி பண்ணச் சொல்லலம்மா. உனக்கு வீடு கட்டணும், அதுக்குத்தான் வந்தேன்” என்றார் அவர்.

அங்கேயே, பள்ளிக்கூட மேசையில் உட்கார்ந்து சிறப்பு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். திரும்பி வந்ததும் எனக்கு மெமோவும் கொடுத்தார். ப்ரொபேஷன் தள்ளிப்போனது. அலுவலகத்தில் மீதமிருந்த அத்தனை புத்தகத்திலும் திருத்தச் சீட்டை நானே ஒட்டவேண்டும் என்றும் உத்தரவு. பசை காய்ந்து விரலெல்லாம் தோல் உரிந்தது. ஆனால் ஒன்று... அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அனுமதி வந்தது. அருள்மேரி தினமும் காலையில் போய் நின்று வேலை வாங்கினார். மழைக்கு முன்னால் செல்வியின் வீட்டுக்குக் கூரைத் தளம் போட்டாகிவிட்டது. மற்ற எட்டுக் குடும்பங்களும் அந்த மழைக்குப் பள்ளிக்கூடத்தில் தங்கி, பொங்கலுக்குள் குடிபோனார்கள்.

புதுமனை புகுவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பாதிரியார் ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். செல்வி பாயசத்தை என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையை என் மடியில் போட்டாள். நான்தான் ஊரை மாற்றி அடித்தவள் என்று அவளுக்குத் தெரியும். அருள்மேரி எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மறைக்கவில்லை, குத்தவும் இல்லை.

அறிக்கை என்றாலே பொய் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நம் ஊர்களில் நிஜமாகவே வீடு எழும்பியிருக்கிறது, தண்ணீர் வந்திருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். எழுதியதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, ‘எங்கே, காட்டு’ என்று கேட்க ஓர் அருள்மேரி வேண்டும். கேட்டால், எழுந்து வருகிற ஆபீசும் இருக்கத்தான் செய்கிறது.

பஸ் ஏற்றிவிட வந்த அருள்மேரி, ஜன்னல் பக்கம் வந்து சொன்னார். “அடுத்த புக்குல கரெக்டா போடும்மா. எங்க ஊரு ஒம்போத பதினெட்டாக்கிடாத!”

ஆக்கவில்லை. மறுபடி நேரில் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று எண்ணிவிட்டு வந்துதான் டைப் அடித்தேன்.