கற்பிட்டிக் கோட்டையில் ஓர் ஆடு

எனக்கு முப்பத்திரண்டு வயதான வருடம் உம்மா என்னை இருபத்தேழாக்கினார். ஒரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு முப்பது. மகளுக்கு எத்தனை என்று பேச வந்த பெண் கேட்டதும், உம்மா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இருபத்தேழு என்றுவிட்டார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வெளியே வந்து மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. அதற்கு முன் வந்த மூன்று பேச்சும் என் வயதைக் கேட்ட கையோடு நின்றுபோயிருந்தன. இதுவும் நின்றால் இனி யாரையும் வீட்டுக்குள் எடுப்பதில்லை என்று உம்மா சொல்லியிருந்தார், அவர் சொன்னால் செய்கிற ஆள். போதாததற்கு மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்தால் தில்லையடி முழுக்கக் கதை பரவும். சரிவராவிட்டால் யார் வாயையும் மூட முடியாது. ஆகவே இரண்டு குடும்பமும் ஒரு வேன் பிடித்து எங்கேயாவது போய்வருவது, பெரியவர்கள் பக்கத்தில் நிற்க நாங்கள் இருவரும் கொஞ்சம் கதைத்துப் பார்ப்பது என்று முடிவானது. எங்கே போகலாம் என்று என்னைக் கேட்டார்கள். நான் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவள். ரோமர்களின் கோட்டைகளைப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் காட்டிக் காட்டியே அலுத்துப்போனவள். நமக்குக் கைக்கெட்டிய கோட்டை டச்சுக்கார ஒல்லாந்தர் கட்டியதுதானே, கற்பிட்டிக்குப் போகலாம் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

அந்தக் கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது, வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள் என்பது பாலாவிச் சந்தி தாண்டிய பிறகுதான் என் மூளையில் ஏறியது. எங்கள் நாட்டு அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தாலே பிறந்த வருடம் தெரிந்துவிடும். பழைய அட்டையில் முதல் இரண்டு எண்ணும் அதுதான். என்னுடையது தொண்ணூறு என்று தொடங்குகிறது. குனிந்து உம்மாவின் காதில் சொன்னேன். உம்மா ஓதத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பதற்றம் வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், மையத்துக் கிடக்கும் சாவு வீட்டில்கூடச் சிரித்து அடிவாங்கியிருக்கிறேன். முன் சீற்றிலிருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். மருமகள் கலகலப்பானவள் என்று அவருடைய உம்மா, பாவம், என்னைப் பாராட்டினார். அவரை நான் மாமி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

வேனில் இன்னொரு ஆபத்தும் உட்கார்ந்திருந்தது. அது வாப்பா. மன்னாரிலிருந்து எங்கள் முஸ்லிம் சனத்தை இயக்கக்காரர் துரத்திய தொண்ணூறில், வாப்பாவும் உம்மாவும் ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அப்போது நான் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. என்னை வாப்பாவின் சாரத்தில் சுற்றி, உடுப்புக் கழுவும் ஒரு பேசினுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்களாம். வள்ளம் அந்த ஆட்டம் ஆடியும் நான் ஒரு சத்தம் போடவில்லையாம். கரையில் இறக்கியதும் வீரிட்டு அழுதேனாம், வாப்பா என் நெற்றியில் முத்தமிட்டாராம், நின்ற சனம் முழுக்க அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்ததாம். கலியாண வீடுகளிலும் பஸ்ஸிலும் வாப்பா இதைச் சொல்லாத ஆளில்லை. அதில் எனக்கு ஒரு வசனமும் கிடையாது, ஆனாலும் கதாநாயகி நான்தான். அன்று மட்டும் அதை வாயில் எடுக்கக்கூடாது என்று உம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

வாசலில் இருந்த கடற்படைச் சிப்பாய் சிங்களத்தில் மரியாதையாக வரவேற்று, கைத்தொலைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பெரிய கொப்பியை நீட்டினார். எல்லோரும் பெயரும் இலக்கமும் எழுத வேண்டும். நான் யாருக்கும் விளங்காதபடி கிறுக்கினேன். என் வகுப்புப் பிள்ளைகள் அப்படி எழுதினால் கொப்பியைத் தூக்கி எறிந்திருப்பேன். எனக்கு அடுத்து மாப்பிள்ளை நின்றார். அவர் குனியப்போன நேரம் உம்மா தன் கைப்பையைத் தூக்கி என் வரியின் மேல் பொத்தென்று வைத்து, அதற்குள் எதையோ தேடத் தொடங்கினார். மாப்பிள்ளை பொறுமையாக மிச்சமிருந்த இடத்தில் எழுதினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, ஒல்லாந்தரின் மஞ்சள் செங்கல்லை ஆராய்வதுபோல் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

தப்பிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. கோட்டை சின்னதுதான். கூரையில்லாத ஒரு தேவாலயமும் உடைந்த சில அறைகளும் புல்லும். எனக்கோ அது அரண்மனையாகத் தெரிந்தது. வாய் ஓயாமல் மாப்பிள்ளைக்கு வரலாறு படிப்பித்தேன். அவர் முந்தலில் ஓர் இறால் பண்ணையில் வேலை செய்கிறார். இறால் சாப்பிட்டால் தனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் சொன்னார். அதற்கும் சிரித்தேன். அவரும் சிரித்தார். இவரைத்தான் முடிப்பேன் என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டேன்.

பிறகு எல்லோரும் மதில்மேல் ஏறினோம். மேலிருந்து பார்த்தால் களப்புத் தண்ணீர் முழுக்கத் தெரிந்தது, வள்ளங்களும் தெரிந்தன. மாமி ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் வாப்பாவிடம் கேட்டார், நீங்கள் வந்து இறங்கியது இந்தப் பக்கம்தானா என்று.

வாப்பா உம்மாவைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். அதற்குமேல் அந்த மனிதரால் முடியவில்லை. வள்ளம், காற்று, கைவிட்டு வந்த வீடு என்று வழக்கம்போலவே போனார். சாரத்தைச் சுற்றினார், பேசினுக்குள் வைத்தார். உம்மா இருமினார். வாப்பா வாய் திறந்தபடி நின்றார். பேசினுக்குள் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

"ஒரு ஆடு" என்றார்.

ஆட்டுக்குட்டி என்று பிறகு திருத்திக்கொண்டார். அதோடு விட்டாரா, அதுவுமில்லை. பழகிய வாய் கதையை முழுக்கச் சொல்லித்தான் முடித்தது. ஆடு வழி நெடுக ஒரு சத்தம் போடவில்லை. கரைக்கு வந்ததும் வீரிட்டுக் கத்தியது. அதன் நெற்றியில் முத்தமிட்டதைச் சொல்லும்போது வழக்கம்போல வாப்பாவின் கண் கலங்கியது. மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீடு வாசலை விட்டுவிட்டு ஆட்டையா கொண்டுவந்தார்கள் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"பொறகு அந்த ஆட்டுக்கு என்ன நடந்த?" என்று கேட்டார்.

வாப்பாவுக்கு அதை அறுத்ததாகச் சொல்ல மனம் வரவில்லை. "இரிக்கி," என்றார், "அல்லாஹ்ட காவல்ல நல்லா இரிக்கி."

அவ்வளவுதான். நான் மதிலில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்கொரு வாழ்க்கை அமைய வேண்டும் என்பதற்காக, தன்னிடம் இருந்த ஒரே நல்ல கதையிலிருந்து என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு நின்றார். அவரை அப்படி நிற்கவிட எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ஆடு நான்தான் மாமி" என்றேன்.

மாமி விரலை மடக்கி எண்ணினார். எண்ணி முடித்து, பொய் சொன்னது பெரிய பிழை என்று உம்மாவிடம் நேரடியாகவே சொன்னார். உம்மா தலையைக் குனிந்துகொண்டு ஓம், பிழைதான் என்றார். என் கலியாணம் மதிலிலிருந்து கீழே விழுவதைக் கண்ணால் பார்த்தேன். அப்போதும் எனக்குச் சிரிப்பு முழுதாக அடங்கவில்லை.

மாமி களப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, நாற்பது நாள் ஆகாத பிள்ளையோடா கடலில் வந்தீர்கள் என்று குரலை இறக்கிக் கேட்டார்.

உம்மா அந்தக் கதையை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்வது வாப்பாவின் வேலை. அன்று சொன்னார்.

"புள்ள அழாம வந்தது இவருக்குப் பெருமை. எனக்கு அது மூச்சு நிண்டு மௌத்தாகிட்டு எண்டுதான் நெனப்பு. சாரத்தை வெலக்கிப் பாக்கப் பயந்து, கரை வருமட்டும் பாக்காமலே வந்தேன்."

என் சிரிப்பு நின்றுபோனது. முப்பத்திரண்டு வருடமாக அந்தக் கதைக்குச் சிரித்தவள் நான். மாமி உம்மாவின் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை.

வாப்பா கதையை வள்ளத்திலிருந்து திரும்பத் தொடங்கினார். இந்த முறை பேசினுக்குள் மகள் இருந்தாள். மாமி முழுக்கத் திரும்பி நின்று கேட்டார்.

அந்தச் சத்தத்துக்கு மறைவில் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் காது சிவந்திருந்தது.

"நான் உங்களுக்கு ரெண்டு வயசு எளையவன்," என்றார். "உங்களுக்குப் பரவாயில்லையா?"

ஓம் என்றேன்.