தீயின் மேல் போட்ட பழி

என் மகளின் காலெலும்பை இரண்டு முறை வெட்ட வைத்தவன் நான். கத்தி பிடித்தவர் டாக்டர். வெட்ட வைத்தது என் வாய்!

தெரியாமல் செய்த தவறு என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே செய்தேன், நாக்குக் கூசாமல் செய்தேன். அதனால் இரக்கப்படும் எண்ணம் இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள்... எனக்கு அது வேண்டாம்.

என் உள்ளங்கால்களைப் பார்த்தால் உங்களுக்குச் சோறு இறங்காது. மஞ்சளாகச் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பும். காய்ந்து பழுப்பாகும், தோல் உரியும், மறுபடி கிளம்பும். கூடவே கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்பு வீங்கி வலிக்கும். இருபது வயதிலிருந்து எனக்கு இது இருக்கிறது. என் அப்பாவுக்கும் இருந்தது.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பண்டமாரானில் எங்கள் வரிசை வீடுகளில் அவரைக் குஷ்டக்காரன் என்றே பேசினார்கள். கல்யாணப் பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகக் கிடக்கும். அந்த வெட்கம் தாங்காமல் ஒரு வருடம் அம்மன் கோயில் தீமிதியில் இறங்கினார். அவ்வளவுதான்... குஷ்டக்கால் சாமிக்கால் ஆகிவிட்டது! வருடத்துக்கு ஒருமுறை மிதிக்கும் தீ, வருடம் முழுக்கவா கொப்பளிக்கும்? ஒருவரும் கேட்கவில்லை. சாமி காரியத்தில் யார் வாயைக் கொடுப்பார்கள்?

பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேட்டபோது, "எங்கப்பா தீ மிதிச்ச காலுடா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்லி அப்பா எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகவே சொன்னேன்.

எனக்கு வந்ததும் நானும் பூக்குழியில் இறங்கினேன். வேறென்ன செய்ய? செந்தூலிலிருந்து பெண் கொடுத்தார்கள். மாலதி. கல்யாணமான புதிதில் என் கால்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பைத்தியக்காரி! நான் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தேன்.

மகள் தர்ஷினி மாலதியின் வயிற்றில் இருந்தபோது, கிள்ளானில் யார் கண்ணிலாவது படுவேனோ என்று பயந்து, பிரிக்பீல்ட்ஸ் வரை கொமுட்டர் ரயில் ஏறிப்போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். மாலதியிடம் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன். கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் சிரித்தபடி சொன்னார். "இது கிருமி இல்ல, ஒட்டாது, பயப்படாதீங்க. ஆனா சில குடும்பத்துல தொடர்ந்து வரும். உங்களுக்குத் தோல்ல வந்தது, பிள்ளைக்கு எலும்புல வரலாம். அபூர்வம்தான். பிள்ளைக்கு எலும்பு வலின்னு வந்தா, டாக்டர்கிட்ட மொதல்ல இத சொல்லுங்க."

மண்டையை ஆட்டினேன். எதிர்க்கடையில் வாழையிலைச் சாப்பாடு ஒரு பிடி பிடித்துவிட்டு வீடு வந்தேன்.

தர்ஷினிக்கு ஒன்பது வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வீங்கியது. காய்ச்சல். கால் ஊன்ற முடியாமல் அழுதாள். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் லேடி டாக்டர் விவரம் நிரப்பும் பாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"வீட்ல யாருக்காச்சும் ஸ்கின் ப்ராப்ளம், எலும்பு வலி இருக்கா அங்கிள்?"

மாலதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகப் பார்வை இல்லை. வீட்டு ஆம்பளை பதில் சொல்லட்டும் என்ற பார்வை. என் காலுறைக்குள் கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது.

"எங்க பக்கம் யாருக்கும் இல்லலா டாக்டர்."

அதோடு நிறுத்தியிருக்கலாம்! பாழாய்ப்போன வாய் நிற்கவில்லை. "இவங்க சித்திக்குத்தான் கால்ல ஏதோ படை மாதிரி இருந்துச்சு" என்றேன். அது சாதாரணச் சொறி, மருந்து போட்டு எப்போதோ ஆறிப்போனது. ஏன் சொன்னேன்? மாலதியின் முகம் கருத்ததைப் பார்த்தும் ஏன் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை? என்னையே கேட்டுப் பார்க்கிறேன்... ஒரு பதில்தான் வருகிறது. அடி யார் மேலாவது விழத்தான் வேண்டும், என் மேல் விழாமல் போகட்டும் என்று நினைத்தேன்.

எலும்பில் கிருமி என்று முடிவு செய்தார்கள். வாரக்கணக்கில் கையில் ஊசி ஏற்றி மருந்து விட்டார்கள். நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்க்கும்போது, "அப்பா, போதும்னு சொல்லுங்கப்பா" என்று என்னைப் பார்த்துத்தான் கத்துவாள். புற்றாக இருக்குமோ என்று எலும்பை வெட்டிச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. வலி அடுத்த காலுக்குப் போனது. அங்கேயும் வெட்டினார்கள். அங்கேயும் கிருமி இல்லை. எப்படி இருக்கும்? கிருமியே இல்லாத வியாதி, உடம்பு தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும் வியாதி என்று பிரிக்பீல்ட்ஸ் டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தாரே!

இதற்கிடையில் மாலதியின் தங்கை கவிதாவுக்கு வரன் வந்தது. சித்தியின் படைதான் பிள்ளைக்கு வந்தது என்று நம்பிய மாலதி என்ன செய்தாள் தெரியுமா? மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போன் போட்டு, "எங்க ரத்தத்துல ஒரு வியாதி ஓடுது, என் பிள்ளைக்கு வந்திருக்கு, மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்" என்றாள். நான் பக்கத்தில் மைலோ குடித்துக்கொண்டிருந்தேன். வரன் முறிந்தது. கவிதா இன்றுவரை அக்காவிடம் பேசுவதில்லை. என் பொய்யை நம்பி அவள் உண்மை பேசினாள். அவள் கூடப்பிறந்தவள் போய்விட்டாள். எனக்கோ குடித்த கோப்பை ஆறக்கூட இல்லை.

வலி முதுகுக்கும் ஏறி, முதுகெலும்பிலும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்ன அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. தனியாக டாக்டரம்மாவைப் பார்த்துக் காலுறையைக் கழற்றினேன். அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார்.

"ஏன் அங்கிள் முன்னாடியே சொல்லல?"

மருந்தை மாற்றினார்கள். ஒரு மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது! ஆனால் முதுகில் ஓர் எலும்பு ஏற்கெனவே நசுங்கிப்போயிருந்தது. ஒரு கால் மற்றதைவிடக் கட்டை. அது இனி நிமிராது, வளராது. தர்ஷினி சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். "மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னு நெனைக்கிறேன்" என்றார் டாக்டரம்மா. என் மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும்" என்றார்.

சொல்லவில்லை. இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

இந்த வருடத் தீமிதிக்கு, தானும் இறங்கப்போவதாக மாலதி சொன்னாள். "என் ரத்தத்தால பிள்ளைக்கு வந்த வினை. நான் மிதிச்சாதான் தீரும்." விரதம் இருந்தாள். மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் நின்றிருப்பாள்... சொன்னேனா? அவளுக்கு மஞ்சள் புடவை வாங்கிக் கொடுத்தேன்!

குழியின் நடுவில் தடுமாறி நின்றுவிட்டாள். நான் முன்னால் போய், தீயைத் தாண்டியதும் கால் நனைக்கும் பால்குழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து சேர்ந்தபோது இரண்டு உள்ளங்கால்களும் வெந்திருந்தன.

மறுநாள் காலை. அவள் கால்களை நீட்டிச் சாய்ந்திருக்க, தர்ஷினி கட்டைப் பிரித்து மருந்து தடவினாள். பெரிய பெரிய நீர்க்கொப்புளங்கள். சிவந்து, தோல் கழன்று, சதை தெரிந்தது. தர்ஷினி அதையே பார்த்தாள். பிறகு திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கால்களைப் பார்த்தாள். மஞ்சள் சீழ்ப்பொட்டுகள். பிறகு மெல்லத் தன் இடது காலைத் தூக்கி மடியில் போட்டு, உள்ளங்காலைப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதிலும் நாலைந்து கிளம்பியிருந்தன. மஞ்சளாக, சின்னச் சின்னதாக... என்னுடையது மாதிரியே!

பதினோரு வயதுதான். ஆனால் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும் ஒரு பிள்ளைக்கு? என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா கால்ல?" என்று எழ முயன்றாள் மாலதி.

நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி காலை இறக்கிச் சிலிப்பருக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஸ்கூல் ஷூ கடிச்சிருச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மருந்து தடவத் தொடங்கினாள். "புது ஷூ வாங்கிக் குடுங்க, பாவம்" என்றாள் மாலதி.

சரி என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.