சிவப்புப் பட்டையில் ஓடியது

பேராதனையில் கலஹா பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. போன மழைக்கு அங்கே ஒதுங்கியபோது, என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார் ஒரு தேயிலைத் தோட்டத்து மனிதர். நனைந்த குடை பிறர் மேல் சொட்டாமல் இருக்க அதை ஒரு பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கொத்து ரொட்டி போடும் சத்தத்தில் டீவி வாயை மட்டும் அசைத்தது. சிங்கள சேனல். ‘அவசரச் செய்தி’ என்பதைப் பாதித் திரைக்குப் போட்டுவிட்டு, செய்தியை அடியில் சிவப்புப் பட்டையில் எறும்புபோல ஓடவிட்டிருந்தார்கள்.

“எனக்குச் சிங்களம் வாசிக்க வராதுங்க. செவப்புல என்னா போடுறான்? மலையடியில வீடு, மக தனியா இருக்கா.”

எனக்கு வாசிக்க வரும், கண்ணாடிதான் வீட்டில். நாலு புத்தகம் படித்தவன் அதைச் சொல்லலாமா? “பல்லேகல கிரிக்கெட் மேட்ச்சுங்க. மழையால நிப்பாட்டிட்டாங்க” என்றேன்.

“அப்ப அடுத்த பஸ்ல போவோம்” என்று, புறப்பட நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு இன்னொரு பிளேன்டீ சொன்னார்.

அதைக் குடித்து முடிப்பதற்குள் முதலாளி சத்தம் போட்டுச் சொன்னார்: கலஹா ரோட்டில் மண் சரியும் அபாயமாம், இனி பஸ் இல்லையாம், அரை மணி நேரமாக டீவியில் அதுதான் ஓடுகிறதாம்.

தோட்டத்து மனிதர் என்னைத் திட்டவில்லை. “தெரியலைன்னு சொல்லியிருந்தா மொதலாளிகிட்ட கேட்டிருப்பேனுங்களே” என்றார், எனக்காக வருத்தப்படுவதுபோல. பிறகு மழையில் இறங்கி, கலஹா ரோட்டில் நடக்கத் தொடங்கினார்.

போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டால், தெரியாது. இப்போது மட்டும் அந்த வார்த்தை எனக்குச் சுலபமாக வருகிறது.