யூனிஃபார்ம் அளவுகளுக்கு ஒரு பேக்கப்

தொண்ணூறுகளின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் பக்கம் முழுக்க என் பொறுப்பு. ஒன்றோடொன்று கேபிளால் இணைத்த மூன்று கம்ப்யூட்டர்கள். சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளின் தோள் அகலம், இடுப்பு, கால்சட்டை நீளம் எல்லாம் அவற்றுக்குள் இருந்தன.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பக்கத்தில் வயல் வைத்திருந்த குடும்பம் அவருடையது. வயல்கள் மனைகளானபோது தன் பங்கில் ஒரு கட்டடம் எழுப்பி, கீழ்த்தளத்தில் தையல் மெஷின்களைப் போட்டுவிட்டார். துணியைத் தொட்டுப் பார்த்தே எந்த மில் என்று சொல்வார். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் வரமாட்டார்.

ஒரு ஏப்ரலில், பெரும்பாலான அளவுகள் இருந்த பெரிய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. ஃப்ளாப்பிகளில் நகல் எடுத்து வைத்திருந்தோம். அவற்றில் பாதி திறக்கவே இல்லை. பரீட்சை நடக்கும் நேரத்தில் பள்ளி பள்ளியாகப் போய், வராந்தாவில் நின்று மறுபடி அளவெடுத்தோம். பிள்ளைகளுக்குக் குஷி. ஒரு தலைமையாசிரியை மட்டும், எடுத்த அளவைப் பத்திரமாக வைக்கத் தெரியாதா என்று அக்காவை நிற்க வைத்துக் கேட்டுவிட்டார்.

சீசன் முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டு, நல்ல பேக்கப் சாஃப்ட்வேர் ஒன்றைப் பார்த்து முடிவு செய்யச் சொன்னார். எனக்கு அது பெரிய சந்தோஷம். கம்ப்யூட்டர் பத்திரிகைகளை வாங்கிப் படித்தேன், தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். கடைசியில் இரண்டு பேரை ஒரே நாளில் வரச் சொன்னேன். அப்போது எனக்கு ஆறாவது மாதம்.

முதலில் வந்தவர் மவுண்ட் ரோட்டில் உள்ள ஒரு கம்பெனிக்காரர், கழுத்தில் டை கட்டியிருந்தார். டேப்பில் பதிவாகும் என்று அவர் ஆரம்பித்ததும், தன் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை அக்கா குனிந்து பார்த்துக்கொண்டார். வந்தவர் சிரித்துவிட்டு, பாட்டுக் கேசட் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். வண்ணத் திரை, தானாகவே நேரம் பார்த்து நகலெடுக்கும் வசதி. எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஒரு பள்ளியின் அளவுகளை அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். சட்டென்று வந்துவிட்டது.

அடுத்து, இந்த கம்ப்யூட்டரே இல்லை என்று வைத்துக்கொண்டு பக்கத்துக் கம்ப்யூட்டரில் கொண்டுவரச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். டேப் கருவியைக் கழற்றி அங்கே மாட்டினார். சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றினார். டேப்பில் என்னென்ன இருக்கிறது என்று அது முழுக்கப் படித்துப் பார்த்த பிறகுதான் எதையும் எடுத்துத் தரும் என்றார். டீ வந்தது, குடித்தோம். சாப்பாடும் ஆனது. அதன் பிறகு எல்லா அளவுகளும் ஒன்று விடாமல் வந்தன. அந்தத் தாமதம் எனக்குக் குறையாகவே தெரியவில்லை.

இரண்டாமவர் குரோம்பேட்டையிலிருந்து மொபெட்டில் வந்தார். அவரே எழுதிய புரோகிராம். கறுப்புத் திரையில் வெறும் இரண்டு வரிகள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: ஒன்றை அழுத்தினால் ‘எடுக்க’, இரண்டை அழுத்தினால் ‘திரும்ப வைக்க’. ஒரு கம்ப்யூட்டரில் இருப்பது தினமும் அடுத்ததற்கும் போய்விடும். வாரம் ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு செட் ஃப்ளாப்பி. எனக்குச் சப்பென்றிருந்தது. தனி ஆளை நம்பி எப்படி வாங்குவது, நாளைக்கே நீங்கள் துபாய் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஃபைல்களை உள்ளபடியே வைப்பதாகவும், தன் புரோகிராம் இல்லாமலேயே யாரும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி, எடுத்தும் காட்டினார்.

இருவரும் போன பிறகும் சாஃப்ட்வேர் இரண்டும் சோதித்துப் பார்க்க எங்களிடமே இருந்தன. அக்கா வந்து என் தோளைத் தொட்டார்.

“நீ எழுந்திரு. நான் பாக்கறேன்.”

கீபோர்டு முன்னால் அவர் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. மவுண்ட் ரோட்டுக்காரருடையதில் ஒரு கட்டம் வந்தது, அதில் இங்கிலீஷில் ஒரு கேள்வி. பதில் சொன்னால் இன்னொரு கட்டம். மூன்றாவதில் அக்கா கையை எடுத்துவிட்டார்.

“இது உனக்குப் பண்ணதும்மா. நீ பிரசவத்துக்குப் போய்ட்டா, இந்தக் கேள்வியெல்லாம் அது யார் வூட்டுக்குப் போய்க் கேக்கும்?”

பிறகு மற்றதைத் திறந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, இரண்டை அழுத்தினார். சோதனைக்காக நான் அழித்து வைத்திருந்த ஒரு பள்ளியின் அளவுகள் வரிசையாகத் திரும்பி வந்தன. அக்கா என்னை மறுபடி ஒரு தடவை அழிக்கச் சொல்லி, மறுபடி இரண்டை அழுத்திப் பார்த்தார்.

குரோம்பேட்டைக்காரருடையதையே வாங்கினோம். அன்று சாயங்காலம் மின்சார ரயிலில் எனக்கு மனசே ஆறவில்லை. இத்தனை படித்துத் தேர்ந்தெடுத்தது நான், முடிவு செய்தது அவர் என்று வீட்டில் புலம்பினேன். என் கணவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “நீ லீவு போட்டா நிம்மதியாப் போடலாம்ல?” என்றார். அந்த நேரத்துக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மழைக்காலத்தில் மகள் பிறந்தாள். பல்லாவரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். அங்கே போன் கிடையாது. ஒரு நாள் காலையில் எதிர்வீட்டிலிருந்து, போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். அக்காதான்.

“ஒரு கம்ப்யூட்டர் போயிடுச்சும்மா. கரண்ட் வந்து வந்து போச்சு, அதுல.”

இரண்டாவது கம்ப்யூட்டரில் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா நிறுத்தினார்.

“அதெல்லாம் ஆச்சு. நானே திரும்ப வெச்சிட்டேன். தெச்சு வெச்ச பேன்ட்டு நாலஞ்சு எடுத்து அளவு சரி பாத்தேன், எல்லாம் கரெக்டா கீது. சும்மா சொல்லலாம்னுதான் போன் போட்டேன். கொழந்த தூங்குதா?”

தூங்குகிறாள் என்றேன். நீயும் போய்த் தூங்கு என்று வைத்துவிட்டார். அவர் குரலில் இருந்த பெருமை எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி வீட்டுக்கு வந்தபோது அம்மா பூண்டுக் குழம்பை இறக்கியிருந்தாள். வழக்கமாக அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் நான், அன்று இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.