முந்தானையில் முடிந்து வந்த மாத்திரை

ஏலச்செடியில் காய் தூரில்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். சக்குபள்ளம் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் இடுப்புவலி. மாதம் ஒரு ஞாயிறு நான் மலையிறங்கிப் போய், டாக்டர் சீட்டு கேட்காத ஒரு கடையில் அவர்களில் ஐந்து பேருக்கு வலி மாத்திரை வாங்கி முந்தானையில் முடிந்து வருவேன். பேர் படிக்கத் தெரியாது. பழைய அட்டையைக் காட்டினால் அதே மாத்திரை தருவார்கள். தின்றால் மறுநாளே கூடை தூக்கலாம்.

எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் கூடினால் நான் இருப்பதே தெரியாது. அந்த ஞாயிறு மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "நம்ம டாக்டரம்மா வந்துட்டாடி!" என்று கத்துவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. நானும் இரண்டு தடவை தின்று பார்த்தேன். வயிறு எரிந்தது, விட்டுவிட்டேன். வாங்கிக் கொடுப்பதை விடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா தினமும் தின்றாள், ஆறேழு வருஷம். முகம் உப்பியது. "பாத்தியா, தோட்டத்துக் கஞ்சியே ஒடம்புல ஒட்டிருச்சு" என்று சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் அக்கா வாசலில் வழுக்கி உட்கார்ந்தாள். உயரத்திலிருந்து விழவில்லை, சும்மா உட்கார்ந்ததுதான். இடுப்பெலும்பு முறிந்துபோனது. அவள் மகன் வெளியூரில் இருந்ததால் ஆஸ்பத்திரியில் நான்தான் துணை.

மருந்து வாங்கும் ஜன்னலில் ஒரு பெண் இருந்தாள். என் மகள் வயது, மலையாளம் கலந்த தமிழ். சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சும்மா உக்காந்ததுக்கே ஒடஞ்சதா? அம்மச்சி, அவங்க வேற மருந்து ஏதாவது சாப்பிடுறதுண்டா? வலிக்கு?"

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லம்மா."

யோசிக்க என்ன இருக்கிறது? மாத்திரை அக்காவின் தகரப் பெட்டியில் இருந்தது. நான்தான் வாங்கினேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டேன்.

மூன்றாம் நாள் அக்கா வாந்தி எடுத்தாள். கண் சொருகியது. பிரஷர் ரொம்ப இறங்கிவிட்டதென்று நர்சுகள் ஓடினார்கள். ஏனென்று டாக்டருக்கே பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்தது. மாத்திரை தீர்ந்துபோகும் நாட்களில் அக்கா வீட்டிலும் இப்படித்தான் சுருண்டு கிடப்பாள்.

ஜன்னலுக்குப் போனேன். முன்னால் நாலு பேர். விலகச் சொல்லி முந்திப்போக வாய் வரவில்லை. அக்கா உள்ளே அப்படிக் கிடக்க, நான் வரிசையில் நின்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் முறை வந்ததும் பர்ஸிலிருந்த பழைய அட்டையை நீட்டினேன். "இதத்தான் தின்னுச்சும்மா. நாந்தான் வாங்கிக் குடுத்தேன்."

அவள் அட்டையை ஒரு தடவை பார்த்தாள். வரிசையை அப்படியே விட்டுவிட்டு வார்டுக்கு ஓடினாள். அன்று சாயங்காலமே அக்கா கண் திறந்துவிட்டாள்.

பிறகு அந்தப் பெண் என்னை உட்கார வைத்துச் சொன்னாள். அது வலி மாத்திரை இல்லை, ஸ்டீராய்டு. வருஷக்கணக்கில் தின்றால் எலும்பைப் பொக்கையாக்கிவிடும். சட்டென்று நிறுத்தினாலும் ஆளைச் சாய்த்துவிடும்.

"இன்னும் எத்தன பேருக்கு வாங்குறீங்க, அம்மச்சி?"

"நாலு பேரு."

"அவங்கள நீங்களா நிறுத்தச் சொல்லாதீங்க. அட்டையோட இங்க கூட்டிட்டு வாங்க. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்பாரு. எலும்புக்கு என்ன வேணும்னும் பாக்கலாம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அக்காவிடம் நானே சொன்னேன்.

"ஏன்டி, நீ திங்கலையா?"

"வயிறு எரிஞ்சுச்சுக்கா. விட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

அக்கா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது கம்பு ஊன்றி வாசல் வரை வருகிறாள். ஏலக்காட்டு வேலைக்கு இனிப் போக முடியாது.

மூன்று பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நாலாவது ஆள் வரமாட்டேன் என்கிறாள். "நீயே குடுத்த, இப்ப நீயே வெசம்ங்கிற. காட்டுக்குப் போகாட்டி எனக்கு யாரு சோறு போடுவா, நீயா?" என்று கேட்கிறாள். இப்போது அவளே மலையிறங்கி வாங்கி வருகிறாள். தினமும் அவள் வாசலில் போய் நிற்கிறேன். இன்று கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் பேசினாள். நாளைக்கும் போவேன்.