என் வீட்டு இருமலுக்கு ஊர் சொன்ன காரணங்கள்

எங்கள் தெருவில் ஒருவருக்குத் தும்மல் வந்தால், அடுத்த தும்மல் வருவதற்குள் காரணம் வந்து சேர்ந்துவிடும். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்பக்கம் இருக்கிற தெரு அது. சர்க்கரை வந்தவருக்குக் கல்யாண வீட்டு லட்டு காரணம். பிரஷர் வந்தவளுக்கு மருமகள். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கண்ணேறு. குழாயில் சாக்கடை கலந்து வரும் தண்ணீரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பாவம், அது வருவதே எப்போதாவதுதான்.

என் புருஷனுக்கு இருமல் பிடித்தபோது இந்த அறிவெல்லாம் என் வீட்டுக்குள் புகுந்தது. அவர் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் கம்பெனியில், உலைப் பக்கம் வேலை செய்கிறார். பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஆனாலும் பல் தேய்க்கும்போது தொடங்கும் இருமல் நாஷ்டா முடியும்வரை ஓயாது.

"தயிரு ஊத்தினு துன்றாரு பாரு, அதான்" என்றாள் எதிர்வீட்டு அக்கா. தயிரை நிறுத்தினேன். "ஃபேன் காத்து நெஞ்சுல எறங்குதுடி." ஃபேனை நிறுத்தினேன், குடும்பமே வேர்த்து ஒழுகியது, அவர் இருமினார். எண்ணெய்க் குளியல் போனது. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பூனையைத் துரத்தினேன். கடைசியில் அடுப்பு தப்பான மூலையில் இருக்கிறதென்று அக்கா கண்டுபிடித்தாள். அதையும் மாற்றினேன். தாளிக்கிற நெடியெல்லாம் நேராக முன்ரூமுக்கு வந்து, நானும் மகளும் சேர்ந்து இருமினோம்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன்: "ஏன்க்கா, கம்பெனி தூசியா இருக்குமோ?"

கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல அவள் முகம் மாறியது. "வாய கழுவுடி. சோறு போடுற எடம் அது. என் புள்ளைங்க ரெண்டு பேரும் அங்கதான் கீறானுங்க. அவனுங்க இன்னா இருமிக்கினா கீறானுங்க?"

இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குப் பனி என்று அவள் பெயர் வைத்திருந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே அந்தக் கம்பெனி மேல் சந்தேகம் வலுக்கவில்லை. என் கண்ணால் பார்த்த இடமாயிற்றே! வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்று, வேலை செய்கிறவர்களின் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். அன்றைக்கு உலை அணைந்திருக்கும். தரையைக் கழுவி விட்டிருப்பார்கள். வாசலில் வாழைமரம், மெஷினுக்கு மெஷின் சந்தனம், குங்குமம். பொரியும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு, உலை முன்னால் நின்று குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொள்வோம். சீ, என் வீட்டுச் சமையலறைகூட இவ்வளவு சுத்தமில்லையே என்று வெட்கப்பட்டு, வீட்டுக்கு வந்து ஜன்னல் துணிகளைத் துவைத்துப் போட்டவள் நான்.

அந்த வருஷப் பூஜை முடிந்து சில வாரம் ஆகியிருக்கும். தூதுவளைக் கஷாயம் ஊற்றி வைத்த ஃபிளாஸ்க்கை அவர் மறந்துவிட்டுப் போய்விட்டார். கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று கம்பெனிக்கு நடந்தேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி தெரிந்தவர். "ஷெட்டு வாசல்ல நில்லும்மா, டீக்கு வருவாங்க" என்று விட்டுவிட்டார்.

ஷெட்டின் வாயிலிருந்து கருப்பாகப் புகை வந்தது. அதற்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். தலை, முகம், சட்டை எல்லாம் ஒரே கருப்பு. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. இதில் என் ஆள் யார்? கல்யாணமாகி இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்போது ஒருவர் முன்னால் குனிந்து இருமினார். இருமலைக் கேட்டுத்தான் என் புருஷனைக் கண்டுபிடித்தேன்.

"யோவ், மாஸ்க் எங்கய்யா?"

"ஆபீசருங்க வர அன்னிக்கு குடுப்பாங்க. மத்த நாளு பீரோல கீது" என்றார்.

நல்ல ஏற்பாடுதான். மாஸ்க்கில் தூசி படக்கூடாதல்லவா.

பூனையைத் துரத்திய நேரத்தில் இவரை அங்கிருந்து துரத்தியிருக்க வேண்டும். லீவு போட வைத்து, மின்சார ரயிலில் மெட்ராசுக்கு, நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழையும் முன் அவர் என் கையைப் பிடித்தார்.

"கம்பெனின்னு சொல்லாத. சீட்டுல எழுதிடுவாரு. அது அங்க தெரிஞ்சா வேல பூடும். பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் காலேஜி கீது."

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "என்ன வேலை பண்றீங்க?"

"மளிகைக் கடை சார்."

"மளிகைக் கடையா?" டாக்டருக்குப் புரியவில்லை. "மிளகாய்த்தூள் ஏதாவது அரைக்கிறீங்களா?"

"ஆமா சார்" என்றார் என் புருஷன், பிழைத்தோம் என்று. "மெளகாத்தூள்தான்."

இதற்கு மேலும் ஒரு காரணத்தைக் கேட்க என்னால் ஆகவில்லை. "பொய் சார்! இரும்பு உருக்குற எடத்துல வேல. புகையிலயே நிக்கிறாரு. மூஞ்சில ஒரு மாஸ்க்கு கூட கெடையாது" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்போ மாத்திரை எல்லாம் அப்புறம். முதல்ல அந்த வேலையை விடுங்க. இப்பவே நுரையீரல் பாதி கெட்டிருக்கு. விடலைன்னா மீதியும் போயிடும்."

என் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார்: "சரிங்க சார். வேற வேல எந்த மெடிக்கல்ல சார் கெடைக்கும்?"

டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடி பேனாவைத் திறந்து, மூச்சு வாங்கினால் வாயில் வைத்து இழுக்க ஒரு பம்பு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு அவர் அந்தப் பம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். டாக்டர் முன்னால் கத்தியவள் நான், ஊரே பயப்படும் வாய் என்னுடையது. போகாதய்யா என்று சொல்லத்தான் வாசல்வரை ஓடினேன்.

"மத்தியானத்துக்கு இன்னா கொழம்பு வெக்கட்டும்?" என்றுதான் வாயில் வந்தது.